மரத்தில் மீன்: மரத்தைத் தேடுமுன் செதிலை முடிவு செய்யுங்கள்

உயிருள்ளதுபோல ஒரு மீனை மரத்தில் செதுக்க ஆசைப்படுகிறவர் முதலில் கேட்பது, "எந்த மரம் வாங்கலாம்?" என்றுதான். கேள்வியில் தப்பில்லை, கேட்கிற நேரம்தான் தப்பு. வீட்டில் தேக்குத் துண்டு கிடக்கிறதே என்று அதில் தொடங்கி, இரண்டு மாதம் செதுக்கி, கடைசியில் அக்ரிலிக் அடித்தால் தேக்கின் எண்ணெய்ப் பசை பெயின்டைப் பிடிக்க விடாது. வால் ஓரத்தை நகத்தால் சுரண்டினால் தோல்போல உரிந்து வரும். அதே தேக்கு, வண்ணமே பூசாத மீனுக்கு அருமையான மரம். மேற்பரப்பு எப்படி இருக்கப்போகிறது, வண்ணம் உண்டா இல்லையா, செதிலை எந்த வழியில் காட்டுவது என்று முதலில் தீர்த்துக்கொண்டால், மரமும் துடுப்பும் கருவியும் பெரும்பாலும் அதிலேயே தீர்ந்துவிடும்.

அளவு சொல்லிப் பேசினால்தான் ஒப்பிட முடியும். எனவே மூக்கிலிருந்து வால் நுனிவரை 40 செ.மீ. உள்ள ஒரு ரோகுவை எடுத்துக்கொள்வோம். எந்த மீன் சந்தையிலும் கிடைக்கும், மேசையில் வைத்து அளக்கலாம். முதுகுக்கும் வயிற்றுக்கும் இடையே 10 செ.மீ., குறுக்குத் தடிமன் 6 செ.மீ. என்று வைத்துக்கொள்ளலாம்.

வண்ணமா, வெறும் மரமா

மர மீன் செய்த பழைய கைகள் எதற்காகச் செய்தன என்று பார்த்தால் இந்தக் கேள்வி பாதி தெளிந்துவிடும். அமெரிக்காவின் மிச்சிகனில் உறைந்த ஏரியில் துளை போட்டு, அதற்குள் ஒரு மர மீனை நூலில் கட்டி ஆட்டி, அதைத் தேடி வரும் பெரிய மீனை ஈட்டியால் குத்துவார்கள். கேடிலாக் ஊரின் ஆஸ்கர் பீட்டர்சன் (1887–1951) அப்படிப்பட்ட இரை மீன்களைச் செய்து பேர் வாங்கியவர். வயிற்றில் ஈயம், துடுப்புக்கு உலோகத் தகடு, மேலே பளிச்சென்ற பெயின்ட். செதிலை எண்ணிக்கொண்டிருக்க அங்கே யாருக்கும் அவசியமில்லை. தண்ணீருக்குள் மீன்போலத் திரும்பினால் போதும். ஸ்காட்லாந்தில் பிடிபட்ட பெரிய சால்மனின் நீளமும் சுற்றளவும் மறந்துபோகாமல் இருக்க, பாதி உடலை மட்டும் அதே அளவில் செதுக்கி, வண்ணம் தீட்டி, பலகையில் பதித்துச் சுவரில் மாட்டினார்கள். 1971-இல் தொடங்கி அமெரிக்காவின் மேரிலாண்ட் மாநிலத்தில் நடந்துவரும் வார்ட் உலகச் செதுக்குப் போட்டி போன்ற மேடைகளில்தான் ஒவ்வொரு செதிலும் துடுப்புக் கதிரும் உற்றுப் பார்க்கப்படுகின்றன. உங்கள் மீன் இந்த மூன்றில் எதற்குப் பக்கத்தில் நிற்கிறது என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

வெறும் மரத்தில் விடுவது சுலபம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. வண்ணம் பூசும் மீனில் ஒட்டுக் கோடு, முடிச்சு, எபாக்சியால் (இரண்டு பாகம் கலந்ததும் இறுகும் பசை) ஒட்டுப்போட்ட இடம் எல்லாம் மறைந்துவிடும். வெறும் மரத்தில் எதுவும் மறையாது. ஒரே கட்டை வேண்டும், ரேகை உடலோடு ஓட வேண்டும், உப்புத்தாள் 120-இல் தொடங்கி 180, 240, 320, 400 என்று ஒன்றையும் தாண்டாமல் போக வேண்டும். 120-இன் கீறலை விட்டுவிட்டு 320-க்குத் தாவினால் எண்ணெய் பூசும் நிமிடத்தில் அந்தக் கீறல் கோடாகப் பல்லைக் காட்டும். வண்ணத்தின் துணை இல்லாததால் செவுள் மூடியின் விளிம்பு, உதட்டின் மடிப்பு, வால் தண்டு மெலிகிற விதம் இவற்றை வைத்துத்தான் மீன் உயிர் பெற வேண்டும்.

ஆனாலும் முதல் மீனை வெறும் மரத்தில் செய்வதே நல்லது. காரணம் சுலபம் அல்ல, நேர்மை. உருவத்தில் எங்கே பிழை என்று மரம் உடனே காட்டிக்கொடுக்கும். அதற்கு ரோகு வேண்டாம், செதிலே இல்லாத கெளுத்தியோ வாளையோ எடுங்கள். ரோகு என்று தீர்மானித்துவிட்டால் வண்ணத்தோடு செய்யுங்கள். அதன் அழகு பாதிக்கு மேல் செதிலின் கருத்த ஓரத்தில்தான் இருக்கிறது.

செதிலுக்கு நான்கு வழி

இந்த இடத்தில் மீனை எண்ணித்தான் ஆக வேண்டும். செவுளுக்குப் பின்னாலிருந்து வால் அடிவரை உடலின் நடுவே ஓடும் பக்கக்கோட்டில் ரோகுவுக்கு 40 முதல் 44 செதில். விராலுக்கு 50-க்கு மேல். மஹசீர் வகைகளுக்கு 25-ஐ ஒட்டி. ட்ரௌட்டுக்கு நூறைத் தாண்டும். இந்த எண்ணிக்கைதான் வழியைத் தீர்மானிக்கிறது.

40 செ.மீ. ரோகுவில் செவுள் மூடியின் பின் விளிம்பிலிருந்து வால் அடிவரை ஏறத்தாழ 24 செ.மீ. அதை 42 செதிலுக்குப் பங்கிட்டால் ஒன்றுக்கு 5.7 மி.மீ. வரும். இது சராசரி மட்டுமே. தோள்பட்டைப் பக்கம் 7 மி.மீ. இருக்கும், வால் தண்டில் 4-க்கு இறங்கும். பக்கக்கோட்டுக்கு மேலே ஆறு, கீழே ஆறு வரிசை, அதற்கும் கீழே வயிறு. ஒரு பக்கத்துக்கு 500-க்குக் குறையாது, இரண்டு பக்கமும் சேர்த்து ஆயிரம். இந்த ஆயிரத்தை மனதில் வைத்துக்கொண்டு கீழே படியுங்கள்.

முதல் வழி வலை. உடலின் மேல் நைலான் வலையை இழுத்துக் கட்டி, காற்றழுத்தத்தில் வண்ணம் தூவும் ஏர்பிரஷால் அடிப்பது. ட்ரௌட்டுக்குக் கொசுவலை ஏறக்குறையப் பொருந்தும். ரோகுவுக்கு 5–6 மி.மீ. கண் உள்ள வலை தேவை. இதில் பலரும் வண்ணத்தை முன்பின்னாக மாற்றிவிடுகிறார்கள். வலை நூல் மறைக்கும் இடத்தில் அடியிலிருக்கும் வண்ணம்தான் கோடாக மிஞ்சும். ரோகுவின் செதிலுக்கு ஓரம் கருப்பு என்பதால் முதலில் முதுகுக்குக் கரும்பச்சை, பிறகு வலை, அதன்மேல் வெளிர் வெள்ளி. மாற்றி அடித்தால் வெள்ளைச் சட்டம் போட்ட கறுப்புச் செதில் வரும், மீன் சட்டை போட்டதுபோல இருக்கும். வலை உடலைத் தொடாமல் தூக்கி நிற்கும் இடத்தில் கோடு கலங்கும், அதனால் வயிற்றின் நடுவே 1 செ.மீ.-க்கு ஒரு குண்டூசி குத்தி இழுக்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் முடிகிற வேலை. குறை என்னவென்றால் வலையின் கண் எல்லா இடத்திலும் ஒரே அளவு. வால் பக்கம் செதில் சிறுக்காது. கைக்கெட்டும் தூரத்தில் வைத்துப் பார்த்தால் ஏமாற்று வெளியே தெரியும், சுவரில் மாட்டினால் தெரியாது.

இரண்டாவது குழாய் முத்திரை. 4, 5, 6, 7 மி.மீ. பித்தளைக் குழாய்த் துண்டுகளின் வாயைச் சரிவாக அராவி, அரைவட்டம் மட்டும் மரத்தைத் தொடும்படி செய்துகொண்டு, ஒவ்வொன்றாக அழுத்துவது. 0.3 மி.மீ. ஆழம் போதும். தோளில் 7-இல் தொடங்கி வாலில் 4-இல் முடிக்கலாம் என்பதால் வலையைவிட எவ்வளவோ மேல். ஆனால் இதில் ஒரு பொறி இருக்கிறது. முத்திரை மரத்தை வெட்டுவதில்லை, நாரை நசுக்குகிறது, அவ்வளவுதான். நசுங்கிய நார் தண்ணீரைக் குடித்தால் பழையபடி நிமிர்ந்துகொள்ளும். ஒரு நாள் முழுக்கக் குத்திய செதில், தண்ணீர் கலந்த ஜெசோ என்ற வெள்ளை அடிப்பூச்சை ஒரு கோட் பூசியதும் பாதி காணாமல் போவது இதனால்தான். முத்திரை முடிந்ததும் முதலில் தண்ணீர் இல்லாத சாண்டிங் சீலரை (மரத்தின் துளையை அடைக்கும் பூச்சு) இரண்டு மெல்லிய கோட் அடித்துவிட வேண்டும். அதற்குப் பிறகுதான் அக்ரிலிக் பக்கம் போகலாம்.

மூன்றாவது சூடு. வெப்பத்தைக் கூட்டிக் குறைக்க வசதியுள்ள மரச்சூட்டுப் பேனாவால் ஒவ்வொரு செதிலின் ஓரத்தையும் வரைவது. செதில் வடிவ முனைகளும் 3 மி.மீ.-இலிருந்து விற்கின்றன. சுட்ட கோடு தண்ணீருக்கு மசியாது, ஓரம் கூர்மையாக நிற்கும், மேலே மெல்லிய வண்ணம் போட்டால் சூட்டின் பழுப்பே நிழலாகி உதவும். செதில் ஒன்றுக்கு 20 நொடி வைத்தால் ஆயிரத்துக்கு ஐந்தரை மணி நேரம். கை வலிக்கு இடைவேளை விட்டால் இரண்டு மாலைப்பொழுது. பேனா அதிகச் சூடானால் கோட்டில் கரி தங்கும், அதன்மேல் பெயின்ட் பிடிக்காது, வெளிர் வெள்ளியும் அழுக்காகத் தெரியும். சுட்டு முடித்ததும் பழைய பல் துலக்கும் பிரஷால் நன்றாகத் தேய்த்துவிட வேண்டும். கழிவுத் துண்டில் பத்துச் செதில் போட்டுப் பார்த்து, கோடு காபிப் பொடி நிறத்தில் வரும்போது சூட்டை நிறுத்திக்கொள்ளுங்கள். கறுப்பாகும்வரை போகாதீர்கள்.

நான்காவது, ஒவ்வொரு செதிலையும் உளியாலோ சுழல் கருவியின் சிறு பிட்டாலோ புடைப்பாகவே செதுக்குவது. அரை மி.மீ. ஆழத்துக்கு ஓரத்தை வெட்டி, அதற்குப் பின்னாலிருக்கும் மரத்தைச் சரிவாக எடுப்பது. மஹசீருக்கு இதுதான் சரி. செதில் பெரிது, எண்ணிக்கை குறைவு, விரல் தடவினாலும் தெரிய வேண்டிய உடம்பு. ரோகுவில் செய்ய முடியாததில்லை, ஆனால் ஆயிரம் செதிலில் ஐம்பதாவது சிலாம்பாகப் பெயர்ந்து வரும்போது பொறுமை போய்விடும்.

ரோகுவுக்குச் சூடு என்பதே எங்கள் தீர்ப்பு. நேரம் போதாதென்றால் முத்திரை. வலையை ட்ரௌட்டுக்கும், சுவரில் மாட்டும் மீனுக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த வழியானாலும் பென்சில் கோடுதான் மூலம். பக்கக்கோட்டை முதலில் வரைந்து, அதில் 42 புள்ளி வையுங்கள், முன்னால் அகலமாக, பின்னால் நெருக்கமாக. ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் சாய்வாக இரண்டு பக்கமும் கோடு இழுத்தால் சாய்சதுரக் கட்டம் கிடைக்கும், கட்டத்துக்கு ஒரு செதில். தலையிலிருந்து நேராக வரிசை வரிசையாக வரைந்துகொண்டு போனால் முதுகுக்கு வரும்போது வரிசைகள் முட்டிக்கொள்ளும். செதிலின் திறந்த ஓரம் வாலைப் பார்க்க வேண்டும், வீட்டுக் கூரை ஓடு தண்ணீர் வடிகிற பக்கம் பார்ப்பதுபோல. இன்னொன்று: ரோகு, கட்லா போன்ற கெண்டை இனங்களுக்குத் தலையிலும் செவுள் மூடியிலும் செதில் கிடையாது, வழவழப்பான தோல்தான். செவுள் மூடியில் ஆசையாகச் செதில் போட்ட ரோகுவைப் பார்த்தால் மீன்காரர் சிரித்துவிடுவார். விராலுக்கு நேர்மாறு. அதன் தலையில் பாம்புக்கு இருப்பதுபோலப் பெரிய செதில்கள் உண்டு, அதை விட்டுவிட்டால் அது விராலே இல்லை.

இப்போது மரம்

அமெரிக்கக் கைகள் மூன்று மரத்தை மாற்றி மாற்றிச் சொல்லும்: பாஸ்வுட், டுப்பெலோ, ஜெலுட்டாங். பாஸ்வுட் ஒரு கன மீட்டர் 415 கிலோ சுமார். ரேகையே கண்ணுக்குத் தெரியாத வெளிர் மரம், கத்திக்கு வெண்ணெய், சூட்டுப் பேனாவுக்கு இதைவிடச் சீரான தளம் கிடையாது. சுழலும் பிட்டை வைத்தால் மட்டும் பஞ்சுபோலப் பிசிறு கிளம்பும். டுப்பெலோ அதற்கு நேர் எதிர். லூசியானா சதுப்புநிலங்களில் தண்ணீரில் நிற்கும் மரத்தின் உப்பிய அடிப்பகுதி, மெஷினுக்குப் பிசிறே வராது, மெல்லிய துடுப்பைக்கூட விடாமல் பிடித்துக்கொள்ளும். நம் ஊரில் அதைத் தேடி அலைவது வீண். ஜெலுட்டாங் மலேசிய மரம், 465 கிலோ சுமார், வார்ப்படப் பட்டறைகளில் மாதிரி செய்ய ஓடியது. மென்மையானது, நிலையானது, ஆனால் பால் ஓடிய வழிகள் சிறு பிளவுகளாக உள்ளே கிடக்கும். சரியாகக் கண் வைக்கிற இடத்தில் ஒன்று வந்து நிற்கும்.

நம் மர டிப்போவில் கிடைப்பதில் குமிழ்தான் முதல் சாய்ஸ். 480 முதல் 500 கிலோ, செதுக்க இணக்கம், வெளிர் மஞ்சள் நிறம். அதன் பெரிய பலம் நிலைத்தன்மை. பச்சை மரத்திலிருந்து முழுக்கக் காயும்வரை ஆண்டு வளையத்தின் போக்கில் பாஸ்வுட் 9.3 சதவீதம் சுருங்கும், டுப்பெலோ 7.6, தேக்கு 5.8, ஜெலுட்டாங் 5.5, குமிழ் ஐந்துக்குள். இது ஏட்டுக் கணக்கு இல்லை. 8 சதவீத ஈரத்தில் பெட்டியில் வந்த பாஸ்வுட் கட்டை, கடலோர ஊரில் மழைக்காலத்தில் 14-ஐத் தொடும். இந்த ஆறு சதவீத ஏற்றத்துக்கு 10 செ.மீ. உயர உடல் கிட்டத்தட்ட 2 மி.மீ. உப்பலாம். குமிழில் 1 மி.மீ.-தான். முதுகுத் துடுப்பின் அடியில் வண்ணம் கோடாக வெடிப்பது இந்த 2 மி.மீ.-ஆல்தான், பெயின்ட் மட்டம் என்பதால் இல்லை.

குமிழின் குறை அதன் துளைகள். பாஸ்வுட்டைவிடக் கண் பெரிது. முத்திரை குத்தினால் துளை வந்த இடத்தில் அரைவட்டம் அறுந்துபோகும். சூட்டுப் பேனா அதைத் தாண்டிப் போய்விடும். சில கட்டைகளில் ரேகை முன்னும் பின்னும் பின்னிக் கிடக்கும், ஒரு பக்கம் வழவழவென்று வருகிற உளி அடுத்த பக்கம் பிய்த்துக்கொண்டு வரும். வாங்கும்போதே பக்கவாட்டில் ஒரு சீவு சீவிப் பார்த்துவிட வேண்டியதுதான்.

ஏழிலைப்பாலை இன்னும் லேசு, ரேகை நேர், கத்திக்குச் சுகம். ஜெலுட்டாங்கின் உறவுக்கார மரம், குடும்பக் குறையும் அதேதான்: பால் வழிப் பிளவு. கூடவே நீலம் பாயும், உளுத்துப்போகும். போராக்ஸ்–போரிக் அமிலக் கரைசலில் ஊறவைத்துக் காயவைக்காத பாலைக் கட்டையை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். ஒரு வருடம் கழித்து வயிற்றடியில் மாவு கொட்டும். தேக்கும் வாகையும் வண்ணமில்லா மீனுக்கு. தேக்கில் இருக்கும் மணற்சத்து உளியின் கூரைச் சீக்கிரம் மழுக்கும் என்பதால் சாணைக்கல் பக்கத்திலேயே இருக்கட்டும். தோதகத்தி பார்க்க அழகுதான், ஆனால் அது 2017 முதல் சைட்டீஸ் (அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்) இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. வெளிநாட்டுக்கு விற்கும் எண்ணம் இருந்தால் காகித வேலை கூடவே வரும்.

கட்டை அளவு: நேராக நீந்தும் ரோகுவுக்கு 42 × 12 × 7 செ.மீ. டிப்போக் கணக்கில் ஒரு கன அடியில் எட்டில் ஒரு பங்கு. இவ்வளவுக்காக யாரும் மரம் அறுத்துத் தர மாட்டார்கள். கதவுச் சட்டம் அறுத்த மிச்சத்தில் தேடுங்கள். நடுக்குருத்து உள்ள துண்டு வேண்டாம், அங்கிருந்துதான் விரிசல் கிளம்பும். ஈரமானி இல்லையென்றால் சமையலறைத் தராசு போதும். வாரம் ஒருமுறை எடை போட்டு, மூன்று வாரம் ஒரே எடை நின்றால் கத்தி வைக்கலாம்.

பாதி மீனா முழு மீனா, நேரா வளைவா

பாதி மீனுக்கு 4 செ.மீ. பலகை போதும். செதிலும் பாதி, கண்ணும் ஒன்று. பலர் உடலைச் சரியாக நடுவில் அறுத்துவிடுவார்கள். அப்படிச் செய்தால் சுவரில் ஒட்டிவைத்த அட்டைபோல இருக்கும். நடுக்கோட்டைத் தாண்டி இன்னும் 8, 10 மி.மீ. சேர்த்து, முதுகும் வயிறும் உள்ளே திரும்புவது கண்ணில் படும்படி செய்தால்தான் மறுபக்கமும் இருக்கிறது என்று மனம் நம்பும்.

முழு மீனில் வளைவு சேர்த்தால் உயிர் இரண்டு மடங்கு, வேலை மூன்று மடங்கு. தலை வளையாது, செவுளுக்குப் பின்னால்தான் வளைவு தொடங்கி வாலில் வேகம் பிடிக்கும். அதற்குக் கட்டை 12 செ.மீ. தடிமன் வேண்டும். அவ்வளவு தடித்த கட்டை உள்வரை காயாது, 6 செ.மீ. பலகை இரண்டை ஒட்டுவதே நல்லது. பேண்ட் சாவில் (பட்டை ரம்ப மெஷின்) மேலிருந்து பார்க்கும் வளைவை முதலில் அறுத்துவிடுங்கள். பிறகு பக்கவாட்டு உருவத்தைச் சார்ட் அட்டையில் வெட்டி, வளைந்த பக்கத்தின்மேல் படிய ஒட்டி வரையுங்கள். நேர்க் கட்டையில் தட்டையாக வரைந்து அறுத்த பின் வளைத்தால் மீன் நீண்டுபோகும், 40 என்று அளந்தது 42-ஐத் தொடும். வளைவின் உட்பக்கம் செதில் நெருங்கும், வெளிப்பக்கம் விலகும். இதை விட்டுவிட்டால் வளைத்த ரப்பர் பொம்மை.

துடுப்பு

உடலோடு சேர்த்து ஒரே கட்டையில் செதுக்குவது, தனியாகச் செய்து செருகுவது, வேறு பொருளில் செய்வது என்று மூன்று. வாலுக்கு ஒரே கட்டை சரி, ரேகை உடலோடு நீளவாக்கில் ஓடி வால் கதிர்களின் போக்கிலேயே போகிறது. முதுகுத் துடுப்பில் கதிர்கள் மேல்நோக்கி நிற்க, ரேகை குறுக்கே ஓடும். 1 மி.மீ.-க்குச் சீவியதும் விரல் பட்டால் பிஸ்கட்போல ஒடியும். மார்புத் துடுப்பை ஒரே கட்டையில் எடுக்கக் கட்டையின் அகலமே இரண்டு மடங்காகும்.

செருகல்தான் நடைமுறை. ரேகை கதிரின் போக்கில் இருக்கும்படி 5 மி.மீ. சீவலில் துடுப்பை வெட்டுங்கள். அடியில் 3 மி.மீ., ஓரத்தில் 1 மி.மீ. என்று மெலிய வேண்டும். மார்புத் துடுப்பை வளைக்க, கொதிக்கும் தண்ணீரில் பத்து நிமிடம் போட்டு, பாட்டிலைச் சுற்றித் துணியால் கட்டி ஒரு ராத்திரி விடுங்கள். காய்ந்ததும் கொஞ்சம் நிமிரும், அதனால் வேண்டியதைவிடச் சற்று அதிகமாகவே வளையுங்கள். பிறகு கதிர்களைச் சுட்டு வரைந்து, ஓரத்தில் நீர்த்த சூப்பர் க்ளூவை ஊறவிட்டால் நார் இறுகும். உடலில் 5 மி.மீ. ஆழக் காடி, மெதுவாக இறுகும் எபாக்சி. ஐந்து நிமிட எபாக்சி வேண்டாம், இரண்டு பக்கத் துடுப்பும் ஒரே சாய்வில் நிற்கிறதா என்று முன்னாலிருந்து பார்த்து முடிப்பதற்குள் இறுகிவிடும். இடைவெளியை எபாக்சி மாவால் நிரப்பி, ஈர விரலால் உடலோடு வழித்துவிடுங்கள்.

மிச்சிகன் இரை மீன்களின் தகட்டுத் துடுப்பை நினைத்தால், 0.3 மி.மீ. செப்புத் தகடு மோசமான வழியில்லை. குழந்தைகள் இருக்கும் வீட்டில் அதுவே நிலைக்கும். ரப்பர் பாயின்மேல் வைத்து மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் கீறினால் கதிர் புடைக்கும். உலோகத்துக்கான பிரைமர் அடிக்காமல் வண்ணம் நிற்காது. போட்டிக்கு அனுப்புவதானால் மரம் தவிர வேறு பொருளுக்கு அனுமதி உண்டா என்று விதியை முதலில் படியுங்கள்.

கண், கருவி

கண்ணாடிக் கண்ணே வாங்குங்கள். விட்டத்தைக் காலிப்பரில் அளந்து, இரண்டு அளவுக்கு நடுவே வந்தால் சின்னதை எடுங்கள். கண் பெரிதானால் மீன் பொம்மையாகிவிடும். துளைக்கு முன் இரண்டு பக்கமும் குண்டூசி குத்தி, நேர் முன்னாலிருந்தும் மேலிருந்தும் பாருங்கள். ஒன்று 2 மி.மீ. ஏறியிருந்தாலும் மீன் மாறுகண்ணாகத் தெரியும். ட்ரௌட்டுக்குக் கண்ணின் கருப்பாப்பா முழு வட்டம் இல்லை, முன்பக்கம் லேசாகக் கூர்ந்திருக்கும், அதற்கென்று விற்கும் கண்ணை வாங்க வேண்டும்.

பாஸ்வுட், பாலை என்றால் கத்தியும் மூன்று உளியும் போதும். குமிழுக்குச் சுழல் கருவி நேரத்தை மிச்சப்படுத்தும். கையடக்க மெஷின் நிமிடத்துக்கு 35,000 சுற்றுவரை ஓடும், நுணுக்க வேலைக்கு நல்லது, ஆனால் பருமனான மரத்தை எடுக்கத் திணறும். தொங்கும் மோட்டாரும் வளையும் தண்டும் உள்ள வகை 18,000 சுற்றுதான், ஆனால் இழுவை அதிகம், கைக்கு எடை குறைவு. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் இரண்டாவது. முகக்கவசம் இல்லாமல் எதையும் ஓட்டாதீர்கள், தேக்குத் தூசி பலருக்கு அரிப்பும் மூச்சிரைப்பும் கொடுக்கும்.

வண்ணம்

சந்தை மீனைப் பார்த்து உருவம் எடுக்கலாம், வண்ணம் எடுக்கக் கூடாது. செத்த மீனில் முதுகு வெளிறியிருக்கும், கண் பால் பூத்திருக்கும், வயிறு சப்பியிருக்கும். உயிருள்ள மீனின் வெள்ளி என்பது நிறமே இல்லை. தோலில் அடுக்கடுக்காக இருக்கும் குவானைன் படிகங்கள் ஒளியைத் திருப்பி அனுப்புவது. அதனால் டப்பா வெள்ளிப் பெயின்டைக் கெட்டியாகப் பூசினால் தகரக் குழாய்போல ஆகும். மைக்காவில் செய்த முத்துப் பொடி வண்ணத்தை நீர்க்கக் கரைத்து, வெள்ளை வயிற்றின்மேலும் கருத்த முதுகின்மேலும் ஐந்தாறு படலமாகப் போட்டால் அந்தப் பளபளப்பு கோணத்துக்குக் கோணம் மாறும்.

ஏர்பிரஷா கைபிரஷா என்றால், முதுகிலிருந்து வயிற்றுக்கு நிறம் கரைந்து இறங்குவதற்கு 0.3 மி.மீ. முனையும் 15 முதல் 20 பி.எஸ்.ஐ. அழுத்தமும் உள்ள ஏர்பிரஷுக்கு ஈடில்லை. செதில் ஓரம், துடுப்புக் கதிர், உதடு இவற்றுக்குப் பிரஷ்தான். ஏர்பிரஷ் மட்டுமே பட்ட மீன் கார் கம்பெனியில் பெயின்ட் அடித்ததுபோல் வழுவழுவென்று இருக்கும். பிரஷ் மட்டும் வைத்திருப்பவர் வருந்த வேண்டாம், விராலின் கரடுமுரடான பட்டைகளுக்கு அதுவே போதும்.

மேல்பூச்சுக்கு என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கர் சீக்கிரம் காயும், பழுது பார்க்கச் சுலபம். இரண்டு பாகம் கலக்கும் பி.யூ. (பாலியூரித்தேன்) தண்ணீர்போல ஆழமாகப் பளபளக்கும், ஆனால் தடித்தால் சுட்ட செதிலை நிரப்பி மொழுக்கிவிடும். ரோகுவுக்கு லாக்கரே சரி. முதல் இரண்டு கோட் தூறல்போல விழட்டும், நனைய அடித்தால் தின்னர் அக்ரிலிக்கைச் சுருக்கும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் அடித்தால் லாக்கர் வெள்ளை பூத்து மீன் பனிமூட்டத்துக்குள் போய்விடும். பதறி அதன்மேல் இன்னொரு கோட் அடிக்காதீர்கள். வெயில் காய்ந்த ஒரு நாள் முற்பகலில் ரிடார்டர் (காய்வதைத் தாமதப்படுத்தும் திரவம்) கலந்த தின்னரை மட்டும் தூரத்திலிருந்து மெல்லத் தூவினால் பெரும்பாலும் தெளிந்துவிடும்.